மேத்யூ லயன் வெறும் சண்டைக்காரரா?

1798ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் இன்னொரு உறுப்பினர் முகத்தில் எச்சில் துப்பினாரே மேத்யூ லயன், அவர் வெறும் சண்டைக்காரர்தானா, இல்லை உருப்படியாக ஏதாவது செய்தாரா என்பது கேள்வி. செய்தார், நிறையவே செய்தார். இரண்டு மாநிலங்களின் சட்டமன்றங்களில் இருந்தார், அதே இரண்டு மாநிலங்களிலிருந்தும் காங்கிரசுக்குப் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் அதுதான்) போனார், அரசாங்கத்தைத் திட்டினால் சிறை என்று வந்த சட்டத்தில் முதன்முதலாகத் தண்டனை பெற்று, அந்தச் சிறைக்குள் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். அந்த எச்சில் சம்பவம் இந்த வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். ஆனால் அதைப் புரிந்துகொள்ளவும் இருபது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லயன் பிறந்தது அயர்லாந்தில், டப்ளினுக்குப் பக்கத்தில் விக்லோ கவுண்டியில், 1749 ஜூலை 14 அன்று. டப்ளினில் சிறுவனாக அச்சுத் தொழில் கற்கத் தொடங்கியவர், 1764ல் பதினைந்து வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கையில் பயணக் கட்டணம் கிடையாது. அந்தக் காலத்தில் அப்படி வருகிறவர்களைக் கரையில் யாராவது ஒருவர் கட்டணத்தைக் கட்டி இறக்கிக்கொள்வார், வந்தவர் அந்தக் கடனுக்காகச் சில வருஷம் அவரிடம் உழைத்துக் கழிக்க வேண்டும். பின்னாளில் நம்மவர்களை மொரீஷியசுக்கும் பிஜிக்கும் கொண்டுபோன ஒப்பந்தக் கூலி முறைக்கு இது மூத்த உறவு என்று சொல்லலாம். கனெக்டிகட்டில் ஒரு வியாபாரி லயனை எடுத்துக்கொண்டார். சில காலம் கழித்து மிச்சமிருந்த வேலைக் காலத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார், அதற்கு விலை பன்னிரண்டு பவுன் பெறுமான ஒரு ஜோடி இளங்காளைகள். வேறு யாராக இருந்தாலும் இதை மறைக்கப் பார்த்திருப்பார்கள். லயன் வாழ்நாள் முழுக்க "என்னை மீட்ட அந்தக் காளைகள் மேல் ஆணை" என்றுதான் சத்தியம் செய்வார். அந்த ஒரு வாக்கியத்திலேயே ஆள் யார் என்பது தெரிந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

கடன் கழிந்தபின் 1774 வாக்கில் வடக்கே இப்போது வெர்மான்ட் எனப்படும் பகுதிக்குக் குடிபோனார். அந்த நிலம் எங்களுடையது என்று நியூயார்க்கும் நியூ ஹாம்ப்ஷயரும் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் கொடுத்த பட்டாவை இன்னொரு பக்கம் செல்லாது என்று சொல்லும். தங்கள் வயலைக் காப்பாற்ற அங்குள்ள விவசாயிகள் ஈதன் ஆலன் தலைமையில் "கிரீன் மவுன்டன் பாய்ஸ்" என்ற படையாகத் திரண்டார்கள், லயனும் சேர்ந்தார். அப்புறம் 1775ல் பிரிட்டனுக்கு எதிரான போர் வந்தபோது அதே ஆட்கள் அந்தப் போருக்கும் போனார்கள்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய வடு விழுந்தது. 1776 கோடையில் வினூஸ்கி ஆற்றோரம் ஜெரிக்கோ என்ற இடத்தில் ஒரு சிறிய காவல் முகாமில் அவர் இளநிலை அதிகாரி. எல்லைக்கு மிக அருகே, உதவிக்கு யாரும் வர முடியாத இடம். பிரிட்டிஷ் படையும் அவர்கள் பக்கம் நின்ற பழங்குடிப் படைகளும் வருவதாகச் செய்தி பரவியது, வீரர்கள் முகாமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். இருங்கள் என்று தான் கெஞ்சியதாகவும் யாரும் கேட்கவில்லை என்றும் லயன் பிற்பாடு சொன்னார். ராணுவ நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜெனரல் கேட்ஸின் கீழ் நடந்த அந்த விசாரணையில் அங்கிருந்த அதிகாரிகள் எல்லோரும் பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஜெனரல் ஸ்கைலர் லயனைத் திரும்ப எடுத்து, சேத் வார்னரின் படைப்பிரிவுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரியாக நியமித்தார். பணத்தை நம்பி ஒப்படைத்தார்கள் என்றால் அவர்மேல் எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆனாலும் கோழை என்ற பட்டம் போகவில்லை. ஒரு மரக்கத்தியைக் கொடுத்து அணிவகுப்பில் நடக்க வைத்தார்கள் என்று எதிரிகள் ஒரு கதையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த மரக்கத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

மாநில அரசியலுக்கு அவர் வந்தது 1779ல். "மாநிலம்" என்று சொல்வதே அப்போது சரியில்லை. வெர்மான்ட் 1777ல் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டு, யாரும் அங்கீகரிக்காமலேயே தன் அரசியலமைப்பு, தன் சட்டமன்றம், தன் கவர்னர் என்று நடந்துகொண்டிருந்தது. 1791ல்தான் பதினான்காவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்தச் சட்டமன்றத்தில் ஆர்லிங்டன் ஊருக்காக 1783 வரை இருந்தார். பிறகு ஃபேர் ஹேவன் என்ற ஊரையே புதிதாக நிறுவி அந்த ஊருக்காகப் பல ஆண்டுகள் இருந்தார். முதல் கவர்னர் தாமஸ் சிட்டென்டனின் மகள் பியூலா அவருடைய இரண்டாவது மனைவி, அந்த உறவும் அரசியலில் உதவியிருக்கும், அதை மறுப்பதற்கில்லை. போரில் பிரிட்டன் பக்கம் நின்றவர்களிடமிருந்து பறிமுதல் செய்த சொத்துகளைக் கவனித்த நீதிமன்றத்தின் எழுத்தராக இருந்தபோது ஆவணங்களை ஒப்படைக்க மறுத்து, சட்டமன்றத்தின் விசாரணைக்கும் ஆளானார். எல்லாவற்றிலும் சுத்தமானவர் என்று நான் சொல்ல வரவில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது ஃபேர் ஹேவனில் அவர் கட்டியதுதான். மாவு ஆலை, மர அறுப்பு ஆலை, இரும்புப் பட்டறை, காகித ஆலை, கடைசியாக அச்சகம். அன்றைக்குக் காகிதம் செய்யத் துணிக் கந்தல் வேண்டும், அது கிடைக்காத ஊரில் பாஸ்வுட் மரப்பட்டையை அரைத்துக் காகிதம் செய்தார். 1793ல் "ஃபார்மர்ஸ் லைப்ரரி" என்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார். நகரத்து வக்கீல்களும் பெரிய குடும்பங்களும் வைத்திருந்த பத்திரிகைகள் விவசாயியின் குரலைப் போடாது என்பது அவருடைய எண்ணம், அதனால் காகிதம் முதல் அச்சு வரை எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டார். பத்திரிகைச் சுதந்திரம் பற்றி அன்றைக்குப் பேசியவர்கள் பலர். அதற்கு வேண்டிய காகிதத்தைத் தன் ஊர் மரத்திலிருந்து எடுத்தவர் இவர்.

காங்கிரசுக்குப் போக அவர் பல முறை நின்று தோற்று, கடைசியில் ஜெயித்து 1797ல் பிலடெல்பியாவுக்குப் போனார் (வாஷிங்டன் நகரம் அப்போது தயாராகவில்லை, தலைநகரம் அங்கேதான்). அப்போது இரண்டு அணிகள். ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி, அதை எதிர்த்து ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சி. இன்றைய ரிபப்ளிகன் கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜனாதிபதி சபையில் பேசினால், உறுப்பினர்கள் எல்லோரும் அவர் வீட்டுக்கு ஊர்வலமாகப் போய்ப் பதில் உரையை வாசித்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். இது மன்னருக்குச் செய்கிற மரியாதை, என்னை விட்டுவிடுங்கள் என்று லயன் எழுந்து சொன்னார். கனெக்டிகட்காரர்கள் சிரித்தார்கள். தங்கள் மாநிலத்தில் காளைக்கு விற்கப்பட்ட பையன் தங்களுக்குச் சபை மரியாதை சொல்லித்தருகிறானா என்ற எரிச்சல் அந்தச் சிரிப்பில் இருந்தது.

சரி, அந்த நாளுக்கு வருவோம். 1798 ஜனவரி 30. சபையில் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரம், உறுப்பினர்கள் அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கனெக்டிகட் உறுப்பினர்கள் தங்கள் மக்களில் பத்தில் ஒன்பது பேரின் விருப்பத்துக்கு எதிராக நடக்கிறார்கள், நான் அங்கே போய்ப் பத்திரிகை தொடங்கினால் மக்கள் அவர்களை மாற்றிவிடுவார்கள் என்று லயன் சபாநாயகரிடம் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட கனெக்டிகட் உறுப்பினர் ராஜர் கிரிஸ்வால்ட், வரும்போது மரக்கத்தியோடு வருவீரா என்ற பொருளில் குத்தினார். லயன் முதலில் கண்டுகொள்ளவில்லை. கிரிஸ்வால்ட் பக்கத்தில் வந்து கையைத் தொட்டு அதே விஷயத்தைத் திரும்பவும் இழுத்தார். அப்போதுதான் லயன் அவர் முகத்தில் துப்பினார். தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகத் தன்மேல் ஒட்டியிருந்த ஒரு பழியை, அது அநியாயம் என்று உண்மையாகவே நம்பிய மனிதர், சபை நடுவில் இரண்டு முறை கேட்டார் என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

அவரை வெளியேற்றத் தீர்மானம் வந்தது. 52 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் நிறைவேறவில்லை. பிப்ரவரி 15 அன்று கிரிஸ்வால்ட் கனமான ஹிக்கரிக் கைத்தடியோடு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்திருந்த லயனைத் தலையிலும் தோளிலும் சரமாரியாக அடித்தார். லயன் தடுமாறி எழுந்து கணப்படுப்புப் பக்கம் போய், தீக்கட்டையைப் புரட்டும் இரும்பு இடுக்கியை எடுத்தார். இருவரும் தரையில் உருண்டார்கள், காலைப் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். இரண்டு பேரையும் வெளியேற்றலாம் என்ற தீர்மானம் 73க்கு 21 என்று தோற்றது. எல்லா வரலாற்றுப் புத்தகத்திலும் வரும் அந்தக் கேலிச்சித்திரம் இந்தச் சண்டையை வைத்து வரைந்ததுதான். லயனைப் பற்றிப் பேசுகிற பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். பெரிய விஷயம் இதற்குப் பிறகுதான் நடக்கிறது.

1798 ஜூலை 14 அன்று ஆடம்ஸ் தேச நிந்தனைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேதியைப் பாருங்கள், லயனின் பிறந்த நாள். அரசாங்கத்தையோ காங்கிரசின் இரு சபைகளையோ ஜனாதிபதியையோ பற்றிப் பொய்யாகவும் கெட்ட எண்ணத்தோடும் எழுதினால், வெளியிட்டால், இரண்டு ஆண்டு வரை சிறை, 2000 டாலர் வரை அபராதம். இதில் துணை ஜனாதிபதி பெயர் இல்லை, ஏனென்றால் அப்போது துணை ஜனாதிபதி எதிரணித் தலைவர் ஜெஃபர்சன். அவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம். சட்டத்தின் ஆயுள் 1801 மார்ச் 3 வரை, அதாவது அடுத்த ஜனாதிபதி பதவியேற்கும் நாளுக்கு முந்தின நாள் அது தானாகவே காலாவதியாகும். யாரைக் காப்பாற்ற, எந்தத் தேர்தலுக்காக வந்த சட்டம் என்பதை அந்தத் தேதியே சொல்லிவிடுகிறது.

லயன்மேல் அக்டோபரில் ரட்லண்டில் வழக்கு. முக்கியக் குற்றச்சாட்டு, அவர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதம். ஆடம்ஸ் ஆட்சியில் ஆடம்பர வெறியும் முட்டாள்தனமான புகழ்ச்சிக்கான ஆசையும் சுயநலப் பேராசையும் எல்லை மீறிவிட்டன என்ற கருத்தை அதில் எழுதியிருந்தார். அதை எழுதியது ஜூன் 20ல், சட்டம் வருவதற்கு முன்பே. ஆனால் அச்சில் வந்தது ஜூலை கடைசியில், சட்டம் வந்தபிறகு. கூடவே ஜோயல் பார்லோ என்ற கவிஞர் பிரான்சிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தைக் கூட்டங்களில் படித்துக் காட்டியதும் குற்றமாயிற்று. ஜனாதிபதியைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பும் உத்தரவை ஏன் காங்கிரஸ் போடவில்லை என்று அதில் இருந்தது.

நீதிபதி வில்லியம் பேட்டர்சன், உச்ச நீதிமன்றத்தைச் சேர்ந்தவர், அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். லயன் தானே வாதாடினார். இந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்றார், அதை ஜூரி பார்க்கக் கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அதனால் லயன் நீதிபதியையே சாட்சி போலக் கேட்டார், நீங்கள் ஜனாதிபதி வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறீர்களே, அங்கே ஆடம்பரத்தைப் பார்க்கவில்லையா என்று. எப்போதாவது சாப்பிட்டிருக்கிறேன், எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் நீதிபதி. இந்த ரட்லண்ட் விடுதியை விட அங்கே படாடோபமும் வேலைக்காரர்களும் அதிகம் இல்லையா என்று லயன் விடாமல் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. இந்த ஒரு இடம்தான் மொத்த விசாரணையின் உயிர் என்று நினைக்கிறேன். ஒருவர் தெரிவித்த அபிப்பிராயத்தை உண்மையா பொய்யா என்று எப்படி நிரூபிப்பது? எத்தனை வேலைக்காரர் இருந்தால் ஆடம்பரம்? உண்மையே தற்காப்பு என்ற வாசல் வெறும் சுவரில் வரைந்த வாசல் என்பதை, சட்டம் படிக்காத ஒரு ஆலைக்காரர் இரண்டே கேள்வியில் காட்டிவிட்டார்.

ஜூரி ஒரு மணி நேரம் போலத்தான் எடுத்துக்கொண்டது. நாலு மாதச் சிறை, 1000 டாலர் அபராதம், அதோடு வழக்குச் செலவு 60 டாலர் 96 சென்ட். ரட்லண்டிலேயே சிறை இருந்தும் அங்கே வைக்காமல் வடக்கே வெர்ஜென்ஸுக்குக் கொண்டுபோனார்கள். திருடர்களை அடைக்கும் பொதுக் கொட்டடி, பதினாறுக்குப் பன்னிரண்டு அடி, மூலையிலேயே கழிப்பிடம், ஜன்னல் என்ற பெயரில் கண்ணாடி இல்லாத ஒரு துவாரம், வெளியே வெர்மான்ட் குளிர். லயன் அங்கிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். மகன் ஜேம்ஸோடு சேர்ந்து தொடங்கிய "ஸ்கர்ஜ் ஆஃப் அரிஸ்டாக்ரசி" என்ற சிற்றிதழ் ஏற்கெனவே வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் நடந்த தேர்தலில் லயன் முன்னால் இருந்தாலும் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, வெர்மான்ட் விதிப்படி பாதிக்கு மேல் வேண்டும். டிசம்பரில் மறுபடியும் ஓட்டுப் போட்டார்கள். வேட்பாளர் சிறையில். எதிர்த்து நின்றவரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஓட்டு வாங்கி ஜெயித்தார். அவரை விடுவிக்கச் சொல்லிப் பல ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஆடம்ஸிடம் போனது. லயன் தானே மனு எழுதியிருக்கிறாரா என்று ஆடம்ஸ் கேட்டார், இல்லை என்றதும் ஏற்கவில்லை, மன்னிப்புக்கு முன் வருத்தம் வர வேண்டும் என்பது அவர் நிலை. லயன் வருந்தத் தயாராக இல்லை.

1799 பிப்ரவரி 9 அன்று விடுதலை. அபராதத்துக்கான பணத்தை வர்ஜீனியா செனட்டர் ஸ்டீவன்ஸ் தாம்சன் மேசன் குளிரில் அவ்வளவு தூரம் பயணம் செய்து கொண்டுவந்தார், வெர்மான்ட்காரர்களும் திரட்டியிருந்தார்கள். வாசலில் மறுபடி கைது செய்துவிடக் கூடாது என்பதற்காக லயன் வெளியே வந்ததும், நான் பிலடெல்பியாவில் காங்கிரசுக்குப் போகும் வழியில் இருக்கிறேன் என்று உரக்கச் சொன்னார், உறுப்பினர் சபைக்குப் போகும்போது கைது செய்ய முடியாது என்ற பாதுகாப்பு அரசியலமைப்பில் இருந்ததால். வழியெல்லாம் ஊர்ஊராகக் கூட்டம். சபையில் காலை வைத்தவுடன் டெலவேர் உறுப்பினர் ஜேம்ஸ் பேயர்ட், தண்டனை பெற்றவர் இங்கே உட்காரக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 49க்கு 45, மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. இதில் வேதனையானது வேறொன்று. லயனின் அபராதத்துக்குப் பணம் திரட்ட ஒரு லாட்டரி அறிவித்தார்கள், அந்த விளம்பரத்தைப் போட்டதற்காக "வெர்மான்ட் கெசட்" ஆசிரியர் அந்தோணி ஹாஸ்வெல்லுக்கு 1800ல் இரண்டு மாதச் சிறையும் 200 டாலர் அபராதமும் விழுந்தது. லயன் பெயராவது புத்தகத்தில் நிற்கிறது, ஹாஸ்வெல்லை யாரும் சொல்வதில்லை.

அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் அவர் கட்சியைச் சேர்ந்த ஆரன் பர்ருக்கும் தலா 73 வாக்கு, சமம். பிரதிநிதிகள் சபை தீர்க்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 16 மாநிலத்தில் 9 வேண்டும். வெர்மான்ட்டுக்கு இரண்டே உறுப்பினர்கள், லயன் ஜெஃபர்சனுக்கு, லூயிஸ் மாரிஸ் பர்ருக்கு, அதனால் வெர்மான்ட் ஓட்டு யாருக்கும் இல்லை. இப்படியே 35 சுற்று. 1801 பிப்ரவரி 17ல் 36வது சுற்றில் மாரிஸ் ஒதுங்கிக்கொண்டார், லயன் ஒருவருடைய ஓட்டே வெர்மான்ட்டின் ஓட்டாகி ஜெஃபர்சனுக்குப் போனது. லயன்தான் ஜெஃபர்சனை ஜனாதிபதி ஆக்கினார் என்று சிலர் எழுதுவது கொஞ்சம் அதிகம். முடிச்சை அவிழ்த்ததில் பெரிய பங்கு பேயர்டுக்கு, ஆமாம், லயனை வெளியேற்றத் தீர்மானம் கொண்டுவந்த அதே பேயர்டுக்கு. ஆனால் சிறைக்கு அனுப்பிய ஆட்சி போய் அடுத்த ஆட்சி வந்த அந்தச் சுற்றில் லயனின் ஓட்டும் எண்ணப்பட்டது, அதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

பிற்பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1801ல் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து, கம்பர்லண்ட் ஆற்றங்கரை எடிவில்லில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1802ல் கென்டக்கி சட்டமன்றம், 1803 முதல் 1811 வரை மீண்டும் காங்கிரஸ். தன் கட்சி ஆட்சியிலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, ஜெஃபர்சனின் வர்த்தகத் தடையை எதிர்த்தார். பிரிட்டனோடு நடந்த 1812 போருக்குப் படகு கட்டும் வேலையில் இறங்கிக் கடனில் மூழ்கினார். எழுபது வயதை ஒட்டி, 1820ல், அர்கன்சாவில் செரோக்கி மக்களோடு வர்த்தகம் செய்யும் அரசு நிலையத்தின் பொறுப்பாளர் வேலை கிடைத்தது, அங்கே போனதும் அந்தப் பிரதேசத்தின் பிரதிநிதியாகக் காங்கிரசுக்குப் போகத் தேர்தலில் நின்று சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். 1822 ஆகஸ்ட் 1 அன்று ஸ்பாட்ரா பிளஃப் என்ற இடத்தில் இறந்தார். பிறகு உடலை எடிவில்லுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மகன் சிட்டென்டன் லயனும் கென்டக்கியிலிருந்து காங்கிரசுக்குப் போனார்.

உயிரோடு இருந்தவரை அந்த அபராதத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார், கிடைக்கவில்லை. 1840 ஜூலை 4 அன்று, அந்தச் சட்டமே தவறு என்று ஒப்புக்கொண்ட காங்கிரஸ், 1060 டாலர் 96 சென்ட்டை, 1799 பிப்ரவரியிலிருந்து வட்டி போட்டு வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1964ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது ஊழியர்களை விமர்சிப்பதைப் பற்றிய நியூயார்க் டைம்ஸ் எதிர் சலிவன் வழக்கில் தீர்ப்பு எழுதும்போது, தேச நிந்தனைச் சட்டத்தை வரலாறு நிராகரித்துவிட்டது என்பதற்குச் சான்றாக அந்த 1840ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டியது. முப்பது வருஷம் கழித்து, செங்கல்பட்டு சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை எழுதியபோது அந்த வழக்கு தில்லிக்குப் போனது. 1994 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று சொன்ன தீர்ப்பில் சலிவன் வழக்கை எடுத்து வைத்துத்தான் பேசியது.